எர்கனாமிக்ஸ்னா நாற்காலி உயரம் மட்டும்தானா? ஹியூமன் ஃபேக்டர்ஸ் அடிப்படை எங்கேருந்து ஆரம்பிக்கறது?

பேக்கிங்_லைன் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ப்ரொடக்‌ஷன்ல இருந்தவன், இப்பதான் சேஃப்டி டீமுக்கு மாறியிருக்கேன். படிச்சது மெக்கானிக்கல், சைக்காலஜி பக்கம் தலைவச்சுக்கூட படுத்ததில்ல. வந்ததும் "எர்கனாமிக்ஸ் நீ பாத்துக்கோ"ன்னு குடுத்துட்டாங்க. சரின்னு தேடினா ஒரு பக்கம் முதுகை நிமிர்த்தி உக்காருங்க மானிட்டரை இந்த உயரத்துல வைங்கன்னு படம் படமா வருது, இன்னொரு பக்கம் கவனம், ஞாபகம், மூளைச்சுமைன்னு பாடமா வருது, ரெண்டும் ஒரே சப்ஜெக்ட்னு வேற சொல்றாங்க, எப்படி ஒண்ணா சேருதுன்னு எனக்கு பிடிபடவே இல்ல.

என் கண்ணு முன்னாடி ரெண்டு பிரச்சனை இருக்கு, அதை வச்சு சொல்லிக்குடுத்தா புரியும். முதல்ல, ஒரு பேக்கிங் மெஷின் பேனல்ல ஜாக் பட்டனும் (அமுக்கிப் பிடிச்சிருக்கற வரைக்கும் மட்டும் மெஷினை ஓட்டறது) ரீசெட் பட்டனும் (நின்ன மெஷினை மறுபடி தயார் நிலைக்கு கொண்டுவர்றது) பக்கத்துல பக்கத்துல இருக்கு. ரெண்டும் ஒரே பச்சை, ஒரே சைஸ். அதுக்கு அடுத்து நிக்கற புது மெஷின்ல அதே ரெண்டு பட்டன் இடம் மாறி இருக்கு. ஃபிலிம் சிக்கும்போது அவசரத்துல ஜாக்குக்கு பதிலா ரீசெட்டை அமுக்கிடறாங்க, இல்ல நேர்மாறா. ஃபிலிம் கிழிஞ்சு லைன் நின்னுடுது, நைட் ஷிஃப்ட்ல இன்னும் அதிகம். ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் "காரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு, நடவடிக்கை: மறுபயிற்சி"ன்னுதான் எழுதியிருக்கு. பயிற்சி குடுத்தும் திரும்பத் திரும்ப நடக்குது.

ரெண்டாவது, 25 கிலோ மூட்டையை தரையில இருக்கற பேலட்லேர்ந்து (மூட்டை அடுக்கற மரத்தட்டு) தூக்கி ஹாப்பர்ல (மெஷினுக்கு பொருள் ஊட்டற புனல் மாதிரி தொட்டி) கொட்டணும். முதுகுவலின்னு லீவு போடறவங்க எல்லாரும் அந்த ஸ்டேஷன்ல வேலை பாக்கறவங்கதான். "சரியா குனிஞ்சு தூக்கணும்"னு போஸ்டர் ஒட்டியிருக்கோம்.

இதுக்கெல்லாம் இந்த சப்ஜெக்ட் என்ன சொல்லுது? எதை முதல்ல படிக்கணும்?

பழைய_சேஃப்டி

தம்பி, ரொம்ப நல்ல கேள்வி, அதுவும் கையில நிஜப் பிரச்சனையோட வந்திருக்கீங்க, அதுதான் இதைப் படிக்க சரியான வழி.

முதல்ல ரெண்டும் எப்படி ஒண்ணுன்னு சொல்லிடறேன். ஒரு ஆள், அவர் செய்யற வேலை, கையில இருக்கற கருவி, சுத்தி இருக்கற வெளிச்சம் சத்தம் சூடு, மேல இருக்கற ஷிஃப்ட் டைமிங், டார்கெட், இது எல்லாம் சேர்ந்து ஒரு சிஸ்டம். அந்த சிஸ்டத்துல மனுஷனோட உடம்புக்கு ஒரு எல்லை இருக்கு, மூளைக்கு ஒரு எல்லை இருக்கு, வேலையை அந்த எல்லைக்குள்ள அமைச்சுக்குடுக்கறதுதான் இந்த சப்ஜெக்ட். அதனாலதான் உடல் சார்ந்தது, அறிவு சார்ந்தது, அமைப்பு சார்ந்ததுன்னு மூணு கிளையா பிரிச்சிருக்காங்க. உங்க மூட்டை முதல் கிளை, பட்டன் ரெண்டாவது, நைட் ஷிஃப்ட்ல அதிகமாகுதுங்கறீங்களே அது மூணாவதுக்கும் போகும். எல்லாத்துக்கும் அடியில இருக்கற கொள்கை ஒண்ணுதான், வேலைக்கு ஏத்த மாதிரி ஆளை வளைக்காதே, ஆளுக்கு ஏத்த மாதிரி வேலையை அமை.

இப்ப உங்க பட்டன் விஷயம். இது கிட்டத்தட்ட அப்படியே ரெண்டாம் உலகப்போர்ல நடந்திருக்கு. அமெரிக்காவோட பி-17 குண்டுவீச்சு விமானம், பத்திரமா தரையிறங்கி ஓடுபாதையில ஓடிக்கிட்டு இருக்கும்போது பைலட் ஃப்ளாப்பை (இறக்கையோட பின்பக்கம் இறங்கி ஏறற தகடு) மடக்கறதுக்கு பதிலா சக்கரத்தை மடக்கிடுவார், விமானம் வயித்துல தேய்ச்சுக்கிட்டு போய் நிக்கும். எல்லா ரிப்போர்ட்லயும் பைலட் தவறுன்னு எழுதினாங்க. ஆல்ஃபான்ஸ் சபானிஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் காக்பிட்டுக்குள்ள போய் பாத்தார். சக்கரத்துக்கான சுவிட்சும் ஃப்ளாப்புக்கான சுவிட்சும் பக்கத்துல பக்கத்துல, தொட்டுப்பாத்தா ஒரே மாதிரி. அவர் பைலட்டுகளுக்கு வகுப்பு எடுக்கல, சக்கர லீவர்ல சின்னதா ஒரு ரப்பர் சக்கரத்தை மாட்டினார், ஃப்ளாப் லீவர்ல ஆப்பு வடிவத்துல ஒரு துண்டை மாட்டினார், கை தொட்டதுமே எது எதுன்னு தெரிஞ்சுடும். பிரச்சனை அதோட அடங்கிடுச்சு. இன்னிக்கும் பயணிகள் விமானத்துல கியர் லீவர் குமிழ் சக்கர வடிவத்துலயும் ஃப்ளாப் லீவர் குமிழ் இறக்கை வடிவத்துலயும் இருக்கணும்னு சட்டமே இருக்கு.

அதுக்கப்புறம் 1947-ல பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ்னு ரெண்டு பேர் பைலட் தவறுன்னு சொல்லப்பட்ட 460 சம்பவங்களை சேகரிச்சு பிரிச்சுப் பாத்தாங்க. அதுல கிட்டத்தட்ட பாதி, ஒரு கண்ட்ரோலுக்கு பதிலா இன்னொண்ணை இயக்கினதுதான். உங்க ரீசெட் ஜாக் கதை அதே இனம். இத்தனை வருஷம் கழிச்சும் அதே மாதிரி பேனல் செஞ்சு விக்கறாங்கங்கறதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

ஏன் மறுபயிற்சி வேலை செய்யலன்னு கேட்டீங்கன்னா, தவறுல வகை இருக்கு. பிரிட்டிஷ் சைக்காலஜிஸ்ட் ஜேம்ஸ் ரீசன் பிரிச்சது ரொம்ப உபயோகமா இருக்கும். என்ன செய்யணும்னு சரியா தெரியும், செய்யப்போகும்போது கை தப்பிப்போகுது, இது கை நழுவல். செய்யணும்னு நினைச்சதை விட்டுடறோம், இது மறதி. சரின்னு நினைச்சே தப்பான முடிவு எடுக்கறோம், இது புரிதல் தவறு. வேணும்னே விதியை மீறறோம், இது மீறல். உங்க ஆபரேட்டரைப் போய் கேளுங்க, ஃபிலிம் சிக்கினா எந்த பட்டன்னு. பட்டுன்னு சொல்லிடுவார். தெரிஞ்ச ஆளுக்கு தெரிஞ்சதையே திரும்ப சொல்லிக்குடுத்து என்ன ஆகப்போகுது? கை நழுவல் அனுபவசாலிக்குத்தான் அதிகம் வரும், ஏன்னா அவர் யோசிக்காமலே செய்யற அளவுக்கு பழகிட்டார், கை தானா போகுது. பக்கத்து மெஷின்ல இடம் மாறி இருக்குன்னீங்களே, அது இன்னும் மோசம், ஒரு மெஷின்ல பழகின பழக்கமே இன்னொரு மெஷின்ல எதிரியா மாறுது, அவசரம் வந்தா மனுஷன் முதல்ல பழகினதுக்குத்தான் திரும்புவான்.

அதனால முதல் வேலை ரெண்டு மெஷின்லயும் பட்டன் இடத்தை ஒரே மாதிரி ஆக்கறது. அடுத்தது நடுவுல இடைவெளி, வேற வடிவம், வேற உயரம். க்ளவுஸ் போட்டுக்கிட்டு அமுக்கறாங்கன்னா பட்டன் பெருசா இருக்கணும். ஃபிட்ஸ் 1954-ல ஒரு விதி கண்டுபிடிச்சார், இலக்கு சின்னதா தூரமா இருந்தா கை போய்ச்சேர நேரம் அதிகமாகும், அவசரப்படுத்தினா குறி தப்பும். ஃபேக்டரி பட்டன்லேர்ந்து மொபைல் ஸ்க்ரீன் ஐகான் வரைக்கும் அது பொருந்தும். லேபிள் ஒட்டறது கடைசி வழி, சிக்கல் நடக்கற அந்த நிமிஷத்துல யாரும் படிக்கறதில்ல.

டேப்_மெஷர்

மூட்டை விஷயத்துக்கு நான் வரேன், என் வேலையே ஒர்க்ஸ்டேஷன் அளவு எடுக்கறதுதான்.

"சரியா குனிஞ்சு தூக்கணும்" போஸ்டரை கழட்டிடுங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதை நம்பி இருக்காதீங்க ப்ரோ. தூக்கற முறையை மட்டும் சொல்லிக்குடுத்து முதுகுவலி குறைஞ்சதா நல்ல ஆதாரம் இல்ல. எங்கேருந்து எங்க தூக்கறாங்கங்கறதை மாத்தணும்.

அமெரிக்காவுல நியோஷ்னு தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, அவங்க 1991-ல திருத்தி வெளியிட்ட ஒரு சூத்திரம் உலகம் முழுக்க பயன்படுது. எல்லாமே சரியா இருந்தா ரெண்டு கையால தூக்க 23 கிலோ, அதுலேர்ந்து ஆரம்பிக்கறாங்க, அப்புறம் ஒவ்வொரு குறைக்கும் ஒரு பெருக்கல் எண் போட்டு குறைச்சுக்கிட்டே வர்றாங்க. உங்க ஸ்டேஷனை நான் குத்துமதிப்பா கற்பனை பண்ணிக்கறேன், நீங்க டேப் வச்சு நிஜ அளவு போட்டுக்கோங்க.

மூட்டை உடம்பை விட்டு தள்ளி இருக்கும், கணுக்கால்லேர்ந்து கைப்பிடி வரைக்கும் கிடைமட்டமா 45 செமீன்னு வைங்க. சூத்திரத்துக்கு பிடிச்ச தூரம் 25 செமீ, அந்த 25-ஐ 45-ஆல வகுத்தா 0.56. கை ஆரம்பிக்கற உயரம் தரையிலேர்ந்து 15 செமீ, சூத்திரத்துக்கு பிடிச்ச உயரம் 75 செமீ, 60 செமீ வித்தியாசத்துக்கு 0.82. ஹாப்பர் வாய் 95 செமீன்னா 80 செமீ மேல தூக்கறாங்க, அதுக்கு 0.88. பக்கவாட்டுல 45 டிகிரி திரும்பறாங்கன்னா 0.86. எல்லாத்தையும் 23-ஓட பெருக்கிப் பாருங்க, சுமார் 8 கிலோ வரும். அங்க நீங்க 25 கிலோ தூக்க விடறீங்க, மூணு மடங்குக்கு மேல. இதுல நிமிஷத்துக்கு எத்தனை தடவை, எத்தனை மணி நேரம், பிடிக்க காது இருக்கா இல்லையாங்கறதை நான் சேர்க்கவே இல்ல, சேர்த்தா இன்னும் கீழ இறங்கும்.

இப்ப அதே மூட்டையை இடுப்பு உயர லிஃப்ட் டேபிள் மேல வைங்க, அதாவது 75 செமீ, உடம்புக்கு பக்கமா 30 செமீல, நேரா ஹாப்பரைப் பாத்து, வெறும் 20 செமீ தூக்கற மாதிரி. சூத்திரம் 19 கிலோ சொல்லும். அதே ஆள், அதே மூட்டை, ஒரு பயிற்சியும் குடுக்கல. 25 இன்னும் அதிகம்தான், அதனால சப்ளையர்கிட்ட சின்ன மூட்டை கேக்கறதோ, வேக்யூம் லிஃப்டர் வைக்கறதோ அடுத்த படி. ஆனா இந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல போட்டு மேனேஜர் முன்னாடி வைங்க, "கவனமா தூக்குங்க"ங்கற பேச்சு அதோட நின்னுடும்.

இன்னொண்ணு, யாருக்காக டிசைன் பண்றோம்ங்கறது. சராசரி ஆளுக்குன்னு பண்ணாதீங்க. 1950-ல அமெரிக்க விமானப்படை நாலாயிரத்துக்கும் மேல பைலட்டுகளை அளந்துச்சு. கில்பர்ட் டேனியல்ஸ்னு ஒருத்தர் அதுல முக்கியமான 10 அளவை எடுத்துக்கிட்டு, பத்துலயும் சராசரிக்கு பக்கத்துல வர்றவங்க எத்தனை பேர்னு பாத்தார். 4,063 பேர்ல ஒருத்தர்கூட இல்ல. உயரம் சராசரியா இருக்கறவருக்கு கை நீளமா இருக்கும், கை சராசரியா இருந்தா தொடை பெருசா இருக்கும். அந்த இல்லாத ஆளுக்காகத்தான் அதுவரைக்கும் காக்பிட் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

அதனால எட்டணும்னா குள்ளமானவங்களை வச்சு, நுழையணும் இடிக்கக்கூடாதுன்னா பெரியவங்களை வச்சு, முடிஞ்ச இடத்துல எல்லாம் ஏத்தி இறக்கற மாதிரி வச்சுக்கணும். 5-ஆவது பெர்சன்டைல் பெண்லேர்ந்து (நூறு பெண்கள்ல அஞ்சு பேர்தான் அவங்களை விட சின்னவங்க) 95-ஆவது பெர்சன்டைல் ஆண் வரைக்கும்னு சொல்றது இதைத்தான். எமர்ஜென்சி ஸ்டாப் மாதிரி விஷயத்துல இன்னும் விரிச்சுக்கோங்க, 5 சதவீதம் பேருக்கு எட்டாட்டியும் பரவாயில்லன்னு அங்க விட முடியாது. வேலை செய்யற உயரத்துக்கு முழங்கையை வச்சு கணக்கு போடுங்க, நுணுக்கமான வேலைன்னா முழங்கைக்கு கொஞ்சம் மேல, பலம் போடற வேலைன்னா நல்லா கீழ.

நாற்காலியைப் பத்தி ஒரே வரி: ஒரே நிலையில ரொம்ப நேரம் இருந்தா இறுகின தசைக்கு ரத்த ஓட்டம் குறையுது, அதனால எவ்வளவு நல்ல நாற்காலியா இருந்தாலும் அப்பப்ப எழுந்து அசையணும்.

ஷிஃப்ட்_இன்சார்ஜ்

எல்லாம் சரி, ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாத்துக்கும் டிசைன் டிசைன்னு சொன்னா ஆபரேட்டருக்கு பொறுப்பே இல்லையா? என் லைன்ல ஓடற பாகத்துக்கு மேல கார்டுன்னு பாதுகாப்பு மூடி வச்சிருக்கோம், அதைத் தூக்கிவிட்டு இன்டர்லாக்கை (மூடி திறந்தா மெஷினை நிறுத்தற சுவிட்ச்) கட்டிவச்சு ஓட்டறாங்க. விரல் போயிடும்னு தெரியும், தெரிஞ்சுதான் பண்றாங்க. இதுக்கும் மெஷினைத்தான் குத்தம் சொல்லுவீங்களா? ட்ரெயினிங்கே வேண்டாங்கற மாதிரி பேசறது களத்துல நிக்கறவங்களுக்கு உதவாது.

பழைய_சேஃப்டி

நியாயமான கேள்விதான் சார். ட்ரெயினிங் வேண்டாம்னு நான் சொல்லல, எந்த வகை தவறுக்கு எந்த மருந்துங்கறதைத்தான் சொல்றேன். மெஷின்ல புது ஃபால்ட் வருது, என்ன செய்யறதுன்னு ஆபரேட்டருக்கு தெரியல, தப்பா யூகிச்சு செய்யறார்னா அது அறிவுக்குறை, அங்க பயிற்சி கண்டிப்பா வேணும், அதுவும் வகுப்புல உக்காரவச்சு இல்ல, மெஷின் பக்கத்துலயே. பட்டன் மாத்தி அமுக்கினவருக்கு அதே மருந்தைக் குடுத்தா வேலை செய்யாது.

நீங்க சொல்றது மீறல். அங்கயும் நான் கேக்கற முதல் கேள்வி, ஒருத்தர் மட்டும் பண்றாரா, இல்ல மூணு ஷிஃப்ட்லயும் எல்லாரும் பண்றாங்களா? ஒருத்தர்னா அவரைக் கூப்பிட்டு பேசுங்க, அது உங்க கடமை. எல்லாரும்னா வேலையே அப்படி அமைஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒரு நாள் பக்கத்துல நின்னு பாருங்க, ஜாம் எடுக்க கார்டை கழட்ட எவ்வளவு நேரம் ஆகுது, ஸ்பேனர் தேடணுமா, கழட்டி மாட்டினா மெஷின் முதல்லேர்ந்து ஹோமிங் (ஆரம்ப நிலைக்குத் திரும்பறது) போகுதா, அந்த நேரம் டார்கெட்ல கழிக்கப்படுதா இல்ல ஆள் தலையில விழுதா. நான் பாத்த வரைக்கும் இன்டர்லாக்கை கட்டிவைக்கற இடத்துல எல்லாம், விதிப்படி வேலை பாத்தா டார்கெட் எட்டாது, மேல இருக்கறவங்களுக்கும் அது தெரியும், விபத்து நடக்கற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கறதில்ல, நடந்ததும் "விதியை மீறினார்"னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. அடிபட்டவர் வீட்டுல அந்த ஒரு வரியைக் காட்டி என்ன சொல்ல முடியும்? ஜாம் வர்ற காரணத்தை சரி பண்ணுங்க, கார்டு கீல்ல திறந்து மூடற மாதிரி வைங்க, மீறலுக்கான தேவையே குறையும். அபாயத்தை நீக்கு, முடியலன்னா குறைஞ்ச அபாயத்தால மாத்து, அதுவும் முடியலன்னா தடுப்பு வை, அப்புறம்தான் விதி, பயிற்சி, கடைசியில க்ளவுஸ் ஹெல்மெட். இந்த வரிசை உங்களுக்கும் தெரிஞ்சதுதான், நடைமுறையில அதை தலைகீழா கடைசிலேர்ந்து ஆரம்பிக்கறோம்.

பேக்கிங்_லைன்

ரொம்ப நன்றி அண்ணா, டேப்_மெஷர் ப்ரோ உங்களுக்கும். இன்னிக்கு டேப் எடுத்துக்கிட்டு போய் அளந்தேன், கிடைமட்ட தூரம் 45 இல்ல, 50-க்கு மேல, பேலட்டோட தூர மூலையில இருக்கற மூட்டைக்கு இன்னும் அதிகம். பட்டன் கேள்வியும் கேட்டேன், நீங்க சொன்ன மாதிரியே எல்லாரும் சரியாத்தான் சொன்னாங்க.

இன்னொரு சந்தேகம். புது மெஷின்ல டச் ஸ்க்ரீன் இருக்கு, ஒரு ஜாம் வந்தா ஸ்க்ரீன் முழுக்க அலாரமா கொட்டுது, எது முதல்ல வந்துச்சுன்னே தெரியல. "ஹீட்டர் ஆஃப்"னு லைட் காட்டும், தொட்டா சுடும். நைட்ல ஒரு ஆள் நாலு மெஷினை சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும், எல்லாம் ஆட்டோமேட்டிக்னு சொல்லி ஆளைக் குறைச்சுட்டாங்க. இதுவும் இந்த சப்ஜெக்ட்லதான் வருமா?

கண்ட்ரோல்_ரூம்

இதுதான் இந்த சப்ஜெக்ட்டோட நடுப்பகுதி! உங்க ஹீட்டர் லைட்டைப் படிச்சதும் எனக்கு த்ரீ மைல் ஐலண்ட் ஞாபகம்தான் வந்துச்சு.

1979 மார்ச் 28, அமெரிக்காவோட பென்சில்வேனியாவுல அந்த அணுமின் நிலையம். அழுத்தம் அதிகமானதும் ஒரு வால்வு தானா திறந்துச்சு, அழுத்தம் குறைஞ்சதும் மூடியிருக்கணும், மூடல, மாட்டிக்கிச்சு. கண்ட்ரோல் ரூம் பேனல்ல அந்த வால்வுக்கான விளக்கு அணைஞ்சுடுச்சு, அணைஞ்சா வால்வு மூடிடுச்சுன்னு ஆபரேட்டருங்க எடுத்துக்கிட்டாங்க. அந்த விளக்கு வால்வைப் பாக்கவே இல்ல, வால்வை இயக்கற சோலனாய்டுக்கு (மின்காந்தச் சுருள்) கரண்ட் போகுதா இல்லையாங்கறதை மட்டும்தான் காட்டுச்சு. "மூடு"ன்னு கட்டளை போனதைக் காட்டுச்சு, மூடினதைக் காட்டல. முதல் சில நிமிஷத்துக்குள்ள நூத்துக்கும் மேல அலாரம் அடிச்சுது, எது முக்கியம்னு பிரிக்க வழியில்ல. ரெண்டு மணி நேரத்துக்கு மேல குளிர்விக்கற தண்ணி அந்த வால்வு வழியா போய்க்கிட்டே இருந்துச்சு, ரியாக்டர் கோர் ஒரு பகுதி உருகிடுச்சு. அங்க இருந்தவங்க பயிற்சி இல்லாதவங்க கிடையாது.

உங்க ஹீட்டர் லைட்டும் அதேதான், ஹீட்டருக்கு போற கரண்டைக் காட்டுது, தட்டோட சூட்டைக் காட்டல. அந்த இடத்துல ஆளுக்கு தெரிய வேண்டியது சூடா இருக்கா, கை வைக்கலாமா. சென்சார் வச்சு வெப்பநிலையைக் காட்டச் சொல்லுங்க. எந்த இண்டிகேட்டரைப் பாத்தாலும், இது மெஷினுக்கு சொன்னதைக் காட்டுதா, மெஷின்ல நடந்ததைக் காட்டுதான்னு கேட்டுப் பழகுங்க.

அலாரத்துக்கு வழி, முதல்ல வந்ததை தனியா மேல நிறுத்தி வைக்கறது, அதோட விளைவா வர்றதை ஒண்ணா கட்டி கீழ தள்ளறது. ஆள் எதுவும் செய்ய வேண்டியதில்லன்னா அது அலாரமே இல்ல, லாக்ல (பதிவேட்டுல) இருந்தா போதும். சில பேர் மனுஷ மூளைக்கு ஏழு விஷயம்தான் நிக்கும், அதனால ஸ்க்ரீன்ல ஏழுக்கு மேல வைக்காதேம்பாங்க. அது ஜார்ஜ் மில்லர் 1956-ல எழுதினதைத் தப்பா பிடிச்சுக்கிட்டது, அது பாக்காம ஞாபகத்துல வச்சிருக்கறதைப் பத்தினது, கண்ணு முன்னாடி இருக்கற பட்டியலுக்கு பொருந்தாது. ஞாபகத்துல வச்சுக்கறதுக்கும்கூட பின்னாடி வந்த ஆராய்ச்சி நாலு பக்கம்தான் சொல்லுது. அதனால ஒரு ஸ்க்ரீன்ல பாத்த எண்ணை ஞாபகம் வச்சுக்கிட்டு இன்னொரு ஸ்க்ரீன்ல அடிக்கணும்னு எங்கயாவது இருந்தா அதை முதல்ல மாத்துங்க.

நாலு மெஷினை சும்மா பாக்கறது இருக்கே, அது லேசான வேலைன்னு நினைக்கறாங்க, நிஜத்துல மனுஷனுக்கு ரொம்ப கஷ்டமான வேலை அதுதான். நார்மன் மேக்வொர்த் 1948-ல ஒரு சோதனை வெளியிட்டார். ராடார் பாக்கறவங்க நேரம் போகப்போக ஏன் சிக்னலைத் தவற விடறாங்கன்னு தெரிஞ்சுக்க, ஒரு முள் ஒவ்வொரு படியா நகர்ற கடிகாரத்தை ரெண்டு மணி நேரம் பாக்க வச்சார், எப்பவாவது ஒரு தடவை முள் ரெண்டு படி தாவும், அதைக் கண்டுபிடிக்கணும். முதல் அரை மணி நேரத்துக்கு அப்புறமே பிடிக்கறது நல்லா குறைஞ்சுபோச்சு. சோம்பேறித்தனம்னு சொல்லிட முடியாது, எதுவும் நடக்காத இடத்துல கவனம் அப்படித்தான் தேயும். அதுல நைட் ஷிஃப்ட், விடியக்காலை மூணு நாலு மணிக்கு உடம்பே தூங்கச் சொல்ற நேரம். ஆளை மாத்தி மாத்தி விடுங்க, பாக்கறதோட நடந்து போய் செக் பண்றது மாதிரி கைவேலையும் கலந்து குடுங்க.

ஆட்டோமேட்டிக் பத்தி லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-ல எழுதினது இன்னிக்கும் அப்படியே பொருந்துது. சுலபமான வேலையை எல்லாம் மெஷின் எடுத்துக்கும், மெஷினால முடியாத கஷ்டமான நிலைமை மட்டும் மனுஷன்கிட்ட வரும், அதுவும் தினமும் செஞ்சு பழக்கம் விட்டுப்போன மனுஷன்கிட்ட, எச்சரிக்கையே இல்லாம. அந்த நேரத்துல அவருக்கு மூணு விஷயம் வேணும், என்ன நடக்குதுன்னு பாக்கணும், அதோட அர்த்தம் புரியணும், அடுத்து என்ன ஆகும்னு ஊகிக்கணும். மிக்கா எண்ட்ஸ்லி இதை சூழ்நிலை விழிப்புன்னு மூணு நிலையா பிரிச்சாங்க. உங்க ஸ்க்ரீன் முதல் நிலைக்கே உதவலன்னா மீதி ரெண்டுக்கு அந்த ஆள் எங்க போவார்?

ஐசியூ_டியூட்டி

நான் ஃபேக்டரி ஆள் இல்ல, ஐசியூ நர்ஸ். ஆனா இந்த த்ரெட் படிக்கும்போது எங்க வார்டைப் பத்தி பேசற மாதிரியே இருக்கு, அதான் எழுதறேன்.

எங்க டிராயர்ல ரெண்டு மருந்து, ரெண்டுமே சின்ன பாட்டில், ஒரே நிற மூடி, எழுத்து பொடிசு. ஒண்ணு சாதாரணமா கழுவி விடற சலைன், இன்னொண்ணு அப்படியே ஏத்தினா இதயத்தை நிறுத்தற பொட்டாசியம் குளோரைடு கான்சன்ட்ரேட். ராத்திரி நாலு மணிக்கு ஒரு பேஷண்ட்டுக்கு பிரஷர் இறங்கும்போது கை டிராயருக்குள்ள போகுது, கண்ணு மானிட்டர்ல இருக்கு. "படிச்சுப் பாத்து எடு"ன்னு எத்தனை தடவை வேணா சொல்லலாம், நாங்களும் படிக்கத்தான் செய்யறோம், ஆனா எதிர்பார்க்கறதைத்தான் கண்ணு படிக்கும். அதனாலதான் அந்த கான்சன்ட்ரேட்டை வார்டு ஸ்டாக்லேர்ந்தே எடுத்துடுங்க, ஃபார்மசியில கலந்து குடுங்கன்னு பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் சொல்லுது. டிராயர்ல இல்லாத பாட்டிலை யாராலயும் தப்பா எடுக்க முடியாது.

இன்னொரு பக்கம் நல்லா செஞ்சது ஒண்ணு சொல்றேன். சின்ன கேஸ் சிலிண்டர் கழுத்துல ரெண்டு ஓட்டை இருக்கும், மெஷின்ல அதுக்கு நேரா ரெண்டு பின். ஆக்சிஜனுக்கு 2, 5 இடத்துல, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5 இடத்துல. மாத்தி மாட்டவே முடியாது, உக்காராது. எவ்வளவு களைப்பா இருந்தாலும், புது ஆளா இருந்தாலும், லைட் இல்லாட்டியும் அது காப்பாத்தும். சாப்பாட்டுக் குழாயை ரத்தக்குழாய் லைன்ல மாட்டிடாம இருக்க இப்ப கனெக்டர்களையும் அப்படியே பொருந்தாத மாதிரி தனித்தனி தரத்துல செய்யறாங்க. என் ஜூனியர் பிள்ளைங்களுக்கு நான் கேக்கறது இந்த மாதிரி பாதுகாப்புதான், இன்னொரு சர்க்குலர் வேண்டாம்.

அலாரம் பத்தி சொன்ன சாருக்கு ஒரு வார்த்தை, தேவையில்லாம அடிக்கற அலாரம் நாள் முழுக்க காதுல விழுந்தா நிஜமானதுக்கும் காது மரத்துப்போகும். தம்பி, உங்க மெஷின்லயும் ஷிஃப்ட்டுக்கு எத்தனை அலாரம், அதுல எத்தனைக்கு யாராவது எதாவது செஞ்சாங்கன்னு எண்ணிப் பாருங்க.

பேக்கிங்_லைன்

அக்கா, உங்க பதிலை எங்க டீம் வாட்ஸ்அப்ல போடலாமான்னு கேக்கணும்னு நினைச்சேன், அவ்வளவு தெளிவா இருக்கு. அலாரம் லாக் எடுக்க மெயின்டெனன்ஸ்ல சொல்லியிருக்கேன். லிஃப்ட் டேபிளுக்கு கணக்கு போட்டு குடுத்தேன், பேசறாங்க. பட்டனுக்கு இப்போதைக்கு ரீசெட் மேல ஒரு வளையம் மாட்டி, கலர் டேப் ஒட்டிடலாம்னு எலக்ட்ரீஷியன் சொல்றார். நிறத்துக்கு எதாவது விதி இருக்கா, இல்ல நம்ம இஷ்டமா?

ஐசியூ_டியூட்டி

தாராளமா போடுங்க தம்பி.

டேப்_மெஷர்

விதி இருக்கு ப்ரோ, ஐஇசி 60204-1ன்னு மெஷின் எலக்ட்ரிகல் தரம், அதை எடுத்துப் பாருங்க. அதுப்படி ரீசெட் பட்டன் நீலம், வெள்ளை, சாம்பல், கறுப்பு இதுல எதாவது ஒண்ணா இருக்கணும், பச்சை கூடாது. அமுக்கிப் பிடிச்சிருக்கற வரைக்கும் மட்டும் ஓடற ஜாக் மாதிரி பட்டனுக்கும் பச்சை, சிவப்பு, மஞ்சள் கூடாது, வெள்ளை சாம்பல் கறுப்பைத்தான் பரிந்துரைக்குது. அதனால உங்க மெஷின்ல ரெண்டு பட்டனும் பச்சையா இருக்கறதே தரத்துக்கு எதிர், மெஷின் சப்ளையருக்கு எழுத உங்ககிட்ட ஒரு பிடி கிடைச்சாச்சு, "ஆபரேட்டர் கவனக்குறைவு" ரிப்போர்ட் எல்லாத்தையும் சேர்த்து இணைச்சு அனுப்புங்க.

ஆனா நிறத்தை மட்டும் நம்பி விட்டுடாதீங்க. சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க கஷ்டப்படற ஆண்கள் நிறைய பேர் இருக்காங்க, பல பேருக்கு அது தங்களுக்கு இருக்குன்னே தெரியாது. டேப் எண்ணெய் பட்டா உரிஞ்சு போகும். வளையம் நல்ல யோசனை, ரீசெட்டை சுத்தி கொஞ்சம் உயரமா கழுத்து மாதிரி வச்சா விரலை உள்ள விட்டுத்தான் அமுக்கணும், கை தெரியாம பட்டாலும் அமுங்காது. மாட்டறதுக்கு முன்னாடி நைட் ஷிஃப்ட் ஆளுங்க ரெண்டு மூணு பேரை கூப்பிட்டு, அவங்க போடற அதே க்ளவுஸோட, பேனலைப் பாக்காம அமுக்கச் சொல்லுங்க. அவங்க கை தடுமாறினா இன்னும் மாத்தணும். மாத்தினதை புது மெஷின்லயும் அதே நாள்ல மாத்திடுங்க, ஒண்ணுல மட்டும் மாத்தி விட்டா இப்ப இருக்கறதை விட குழப்பம் அதிகமாகும்.